கற்கச் செல்லும் ஆசிரியர்

தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் மேம்பாலத்தில் காலை ஏழு மணிக்கு நிற்பவர், மக்கள் வெள்ளம் பல திசையாகப் பிரிந்து செல்வதைக் காண்பர். பெரும்பாலோர் வடக்கே மாநகரை நோக்கிச் செல்வர். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது முதல் இவ்வோட்டம் நாள்தோறும் நிகழ்ந்து வருகிறது. சிலர் மட்டும் தெற்கே செங்கற்பட்டு வண்டியில் ஏறுவர். வேறு சிலர் கிழக்கே செல்லும் பேருந்துகளைத் தேடுவர். அச்சிலருள், கையில் சுருட்டிய படத்தாளும் தோளில் தடித்த பையும் உடைய இளைஞரும் இளம்பெண்களும் ஆண்டில் சில திங்கள் தென்படுவர். அவர்கள் ஆசிரியரா என்றால், அல்லர். மாணவரா என்றால், ஆம் என்று சொல்லவும் நா எழாது. வகுப்பில் பிள்ளைகள் அவர்களைச் 'சார்' என்றும் 'டீச்சர்' என்றும் அழைப்பர். கல்லூரிக்குத் திரும்பியதும் அவர்களே பேராசிரியர் முன் எழுந்து நின்று விடை கூறுவர். ஆசிரியராவதற்குக் கற்கும் மாணவர்கள் அவர்கள். பயிற்சி ஆசிரியர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர்.

இவர்களை எந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது சிறிய செய்திபோலத் தோன்றும். அஃது அத்துணைச் சிறியதன்று.

ஆசிரியத் தொழிலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் சென்னைக்குப் புதியதன்று. 1856-ஆம் ஆண்டிலேயே இங்கு அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று தோன்றியது. அது பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு வந்து, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, இன்றும் அங்கே நிலைபெற்றிருக்கிறது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் 1910-இல் அக்கல்லூரியில் பயின்றவர். மாநிலக் கல்லூரியில் மெய்ப்பொருளியல் கற்பிக்கும் பணியில் அமர்ந்த பின்னரும் அவர் பயிற்சி மாணவராக அங்கே செல்ல வேண்டியிருந்தது. அவருடைய புலமையைக் கண்ட பேராசிரியர், வகுப்புக்கு வருவதினின்றும் அவருக்கு விலக்களித்தார் என்பர். உடன் பயின்றோர்க்கு அவரே உளவியல் விரிவுரை ஆற்றினார். அவ்விரிவுரைகள் 1912-இல் நூலாகவும் வெளிவந்தன. அத்தகைய பேரறிஞருக்கு வகுப்பு வேண்டாவாயிற்று. எல்லார்க்கும் அவ்வாறு ஆகாது.

இந்நாளில், காரப்பாக்கத்தில் ஆசிரியர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2008 முதல் இயங்கி வருகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகள், பி.எட். படிப்பை இரண்டாண்டுப் படிப்பாக்கின. அவ்விரண்டு ஆண்டுகளில் 20 வாரம் மாணவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அவற்றுள் 16 வாரம் இரண்டாம் ஆண்டுக்கு உரியன என்றும் அவ்விதிகள் கூறின. நீச்சலைப் பற்றி நூறு நூல் கற்றாலும் நீரில் இறங்காதவன் நீந்த மாட்டான் அன்றோ? ஆதலால் இவ்வேற்பாடு நன்றே. ஆயின், எந்த நீரில் இறங்குவது? முழங்காலளவு நீரில் நின்று கையை வீசுபவனும் நீந்துபவன் போலவே கரையிலிருப்போர்க்குத் தோன்றுவான்.

வீட்டுக்கு அண்மையில் உள்ள பள்ளி, புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லத்தக்க பள்ளி, ஒழுங்காகச் சீருடை அணிந்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள் உள்ள பள்ளி: இவற்றையே பயிற்சி மாணவர் நாடுவது இயல்பு. அங்கே அவர் முன் அமரும் பிள்ளைகள் முன்னரே நன்கு கற்பிக்கப்பட்டவர்கள். பாடம் தெளிவாக இல்லாவிடினும் இல்லத்தில் பெற்றோர் தெளிவாக்குவர். தனிப்பயிற்சி வகுப்பும் துணைநிற்கும். பயிற்சி மாணவர் வினவியவுடன் பத்துக் கைகள் உயரும். மேற்பார்வையிட வந்த பேராசிரியர் மகிழ்வார். நாற்பது பாடக்குறிப்புகளும், வண்ணப் படங்களும், பதிவேடுகளும் நிறைவெய்தும். பட்டமும் கிடைக்கும். பிள்ளைகள் கற்றது யாரால் என்று மட்டும் எவரும் கேளார்.

சேய்மையான ஓரிடத்தில் கற்பிப்பது எத்தகையது என்பதை அறிய, உலகின் வடகோடியைச் சற்றே நோக்குதல் தகும். கனடா நாட்டின் வடபகுதியில் நுனாவுட் என்னும் நிலப்பரப்பு உள்ளது. அது தனி ஆட்சிப் பகுதியாக அமைந்தது 1999-இல். பரப்பில் அஃது இருபது இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் பதினைந்து மடங்கு பெரிது. மக்கள்தொகையோ 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாற்பதாயிரத்தினும் குறைவு. தாம்பரத்தில் சில தெருக்களில் வாழ்வோரை ஒன்று கூட்டினால் அத்தொகை வந்துவிடும். ஆங்கு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. வானூர்தியில் செல்ல வேண்டும். பனி உருகும் கோடையில் கப்பலும் வரும். பனிக்காலத்தில் வடக்கே உள்ள ஊர்களில் பல வாரம் கதிரவன் தோன்றுவதில்லை. அங்கு வாழ்வோரை முன்னாளில் பிறர் எஸ்கிமோவர் என்று அழைத்தனர். அவர்கள் தம்மை இனுவிட் என்றே கூறிக்கொள்வர். அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பது பொருள். அஃது எத்துணை நேரிய பெயர்!

தென்பகுதி நகரிலிருந்து அவ்வூர்ப் பள்ளிக்குப் பயிற்சிக்காகச் செல்லும் இளைஞர் ஒருவரைக் கருதுவோம். முதல் நாள் அவர் ஒரு சிறுவனை, "நேற்றைய பாடம் நினைவிருக்கிறதா?" என்று வினவுகிறார். சிறுவன் வாய் திறக்கவில்லை. மீண்டும் வினவுகிறார், மீண்டும் அதே அமைதி. பிள்ளை அறிவு மந்தமோ, அன்றிப் பணிவில்லையோ என்று இளைஞர் ஐயுறுகிறார். உண்மையில் சிறுவன் இருமுறையும் விடை கூறியிருக்கிறான். இனுவிட் மக்களிடையே புருவத்தை உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள்; மூக்கைச் சுருக்கினால் 'இல்லை' என்று பொருள். விடை முகத்தில் இருந்தது. ஆசிரியர் காதால் தேடினார். நம் நாட்டார் தலையை இருபுறமும் மெல்ல அசைத்து 'ஆம்' என்பதைக் கண்டு மேனாட்டார் 'இல்லை' என்று கொண்டு இடர்ப்படுவதும் இத்தகையதே.

புருவத்தின் மொழியை அறிந்துகொள்வதற்கு அவ்விளைஞருக்கு நூல் உதவாது, கல்லூரியும் உதவாது. அவ்வூர்ச் சிறுவனே அவருக்கு ஆசிரியன். அன்று மாலை அவர் தம் தவற்றை உணர்ந்து நாணினாராயின், நல்லாசிரியர் ஆவதற்கு முதற்படி ஏறினார் எனலாம். உணராமல், அப்பிள்ளையின் பெயருக்கு எதிரே 'விடையளிக்கவில்லை' என்று எழுதினாராயின், தீங்கு தொடங்கிவிட்டது.

அத்தீங்கு எத்துணைப் பெரிதாக வளரக்கூடும் என்பதற்கும் அந்நாட்டு வரலாறே சான்று. கனடா அரசினர் பல்லாண்டுக் காலம் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தனர். ஆங்குத் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, அச்செயலுக்காக மன்னிப்பு வேண்டினார். கற்பிக்கச் செல்பவர் தாமும் கற்க வேண்டியவர் என்பதை ஓர் அரசே மறந்தமையால் விளைந்த கேடு அது.

இத்தகைய சேய்மை வடகோடியில்தான் உண்டு என்று எண்ண வேண்டா. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் செல்லும் சாலையில் ஒரு மணி நேரம் சென்றால் திருப்போரூர் வட்டத்தை அடையலாம். மேலும் தெற்கே திருக்கழுக்குன்றம் உள்ளது. இப்பகுதிகளில் ஏரிக்கரையிலும் புறம்போக்கு நிலத்திலும் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் மிக நலிந்தவை என்று அரசினர் குறித்த ஆறு இனங்களுள் இருளரும் ஓரினம். தொழிற்பூங்காக்களின் கண்ணாடி மாளிகைகள் தொலைவில் தெரியும். குடிசைக்குள் நுழையக் குனிய வேண்டும். புகைவண்டி நிலையத்துக்கும் அக்குடிசைக்கும் இடைப்பட்ட தொலைவை மைல்கல் கொண்டு அளக்க இயலாது. அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணம் பெற்று, அதைத் தீர்க்க மாட்டாமல் குடும்பத்தோடு கட்டுண்டு உழைத்த இருளர் பலர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் பிறந்தும், அத்தகையோர் மீட்கப்பட்ட செய்தி பின்னரும் பன்முறை வந்தது. பெற்றோர் சூளைக்குச் சென்றால் பிள்ளையும் செல்லும். பிள்ளை சென்றால் வருகைப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே வெறுங்கோடு நீளும்.

இவ்வாறான ஒரு குடியிருப்புக்கு அருகே உள்ள பள்ளிக்குப் பயிற்சி மாணவி ஒருத்தி செல்வதாகக் கொள்வோம். அவர் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பட்டம் பெற்றவர். மொழி ஒன்றே ஆதலின் இடர் இராது என்று எண்ணிச் செல்கிறார். முதல் வாரத்திலேயே அவ்வெண்ணம் கலைகிறது. இருளர் பிள்ளைகள் பேசுவதும் தமிழே. எனினும் அவர் கூறும் எழுவாயும் பயனிலையும் அப்பிள்ளைகளின் செவியைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. 'மாசி மகம்' நெருங்கும்போது வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. 'பொறுப்பற்ற பெற்றோர்' என்று குறிப்பேட்டில் எழுதப் பேனாவைத் திறக்கிறார். நல்வினையாகப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் மூதாட்டி ஒருவர், "எல்லாரும் மல்லைக் கடற்கரைக்குப் போயிருக்காங்க அம்மா, நிலா முழுசா ஆனதும் வந்துடுவாங்க" என்று கூறுகிறார். "எதற்கு ஆயா?" என்று மாணவி கேட்கிறார். அன்றுதான் அவருடைய பயிற்சி தொடங்குகிறது.

மாசி முழுநிலவில் இருளர் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரத்துக்குத் திரண்டு வருவர். கடற்கரை மணலில் கழி நட்டுப் புடவை கட்டிக் கூடாரம் அமைத்துத் தங்குவர். விடியற்காலையில் அலை வந்து தொடும் இடத்தில் மணலால் படியமைத்து, தம் தெய்வமாகிய கன்னியம்மனை வழிபடுவர். பிள்ளைக்கு முடியிறக்குவதும், உறவில் மணம் பேசுவதும், தாலி கட்டுவதும் அங்கேயே நிகழும். ஆண்டு முழுதும் பிரிந்து கிடந்து உழைக்கும் ஓர் இனம் ஒன்று கூடும் நாள் அது. அதனை விடுமுறை நாளாகப் பள்ளி அறியாது, பிள்ளை நன்கறியும். இதனை அறிந்த பயிற்சி மாணவி, திரும்பி வந்த பிள்ளைகளிடம் "ஏன் வரவில்லை?" என்று கேளார், "கடலில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்பார். அதுகாறும் ஒரு சொல்லும் பேசாத சிறுவன் பேசத் தொடங்குவான். அவன் பேசியதைக் கரும்பலகையில் அவன் சொற்களாலேயே எழுதினால், அன்றைய வாசிப்புப் பாடம் அதுவேயாகும். எழுவாயும் பயனிலையும் அதன்பின் தாமே வந்து நிற்கும்.

இருளரிடம் கற்கத்தக்கது விழா மட்டுமன்று. தரையில் கிடக்கும் மெல்லிய தடத்தையும் உரிந்த தோலையும் கண்டு, எந்தப் பாம்பு எந்த வளையில் உள்ளது என்று கூறும் அறிவு அவர்களுடையது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பின் வந்த தடையாலும் பாம்புத்தோல் வாணிகம் நின்றது. அவர்கள் பிழைப்பும் நின்றது. பின்னர் 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பை உயிரோடு காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து ஆக்கப்படுகிறது. 2017-இல் அமெரிக்க நாட்டின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க, இருளர் இனத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டனர். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அந்நாட்டு வல்லுநர் அவர்கள் பின்னே நடந்து கற்றனர். 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இத்தகைய அறிவு வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையை 'ஒன்றும் அறியாதவன்' என்று பயிற்சி மாணவர் ஒருவர் எழுதுவாராயின், ஒன்றும் அறியாதவர் யார்?

பழந்தமிழ் இலக்கண ஆசிரியர் இதனை அறியாதவர் அல்லர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இயல்பை விரித்துரைக்கின்றார். நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றார். அவனுக்கு வேண்டிய பண்புகளைக் கூறி வருகையில், நூலறிவோடு உலகியலறிவையும் சேர்க்கின்றார். கற்பிக்கும் முறையைச் சொல்லும்போது, காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து, கற்பவன் எவ்வகையால் கொள்வானோ அவ்வகையை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்கின்றார். இடத்தை ஆராயாமல் கொடுக்கப்படும் பாடம் அவர் கருத்துப்படி பாடமே ஆகாது. முனிவர் நற்குடிப் பிறப்பையும் ஆசிரியனுக்கு ஓர் இலக்கணமாக வைத்தார். அது காலத்தோடு கழிந்தது, கழிந்ததும் நன்றே. மற்றவை கழியவில்லை.

ஆசிரியர் ஆகத் தகாதவரையும் அவர் உவமையால் காட்டுகின்றார். அவற்றுள் பருத்தி அடைத்த குண்டிகை என்பது ஒன்று. வாய் குறுகிய பாண்டத்தில் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்து அடைப்பது அரிது. அதனை வெளியே எடுப்பதும் அரிது. எடுத்தாலும் சிறிது சிறிதாகப் பிய்ந்தே வரும். கல்லூரியில் அரிதின் முயன்று அடைத்துக்கொண்டு, வகுப்பில் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கும் பயிற்சி மாணவர் எத்தனை பேர்! அவர்மேல் குறை கூறுவதில் பயனில்லை. பாண்டத்தின் வாயை அகலமாக்குவது எதுவோ அதனைத் தேட வேண்டும்.

சென்னையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் அதனைத் தேடினார். ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் அவர் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிக் கற்றுக்கொண்டிருந்தனர். அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த துணையாசிரியர்கள், அஃது இயலாது என்றனர். எளிய முறை அவர்களுக்கு இழிந்ததாகத் தோன்றிற்று போலும். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறிய பிள்ளைகளுக்கு அவ்வாறு கற்பிக்கச் சொன்னார். அச்சிறுவன் கற்பித்தான்; பிள்ளைகள் கற்றனர். 1797-இல் பெல் இதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட, 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது பல நாடுகளில் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தில் 1833-இல் திறக்கப்பட்ட பள்ளி, இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. அம்முறையில் குறையும் உண்டு. குறைந்த செலவில் நெட்டுருப்போடச் செய்யும் பொறியாக அதனைப் பலர் ஆக்கிவிட்டனர். ஆயினும், மூத்த மாணாக்கன் இளையோனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைத் திண்ணையில் கண்டு தலைவணங்கினாரே, அந்தப் பணிவு பெரிது. கற்றுவிட்டோம் என்று இருந்த துணையாசிரியரால் ஆகாதது, நேற்றுக் கற்ற சிறுவனால் ஆயிற்று. கற்றலின் தடுமாற்றம் அவனுக்கு மறக்கவில்லை.

எல்லாப் பயிற்சி மாணவரையும் இருளர் குடியிருப்புக்கு அனுப்ப இயலாது என்பது உண்மையே. அண்மையில் உள்ள ஊரையும் சேய்மைபோலக் கருதிக் கற்கலாம். பல்லாவரத்தில் வரலாறு கற்பிக்கச் செல்பவர், பழைய கற்கால மனிதனின் படத்தைக் கடையில் வாங்கிச் சுவரில் மாட்டுவார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி முதன்முதல் கண்டெடுக்கப்பட்டது அப்பல்லாவரத்தில்தான். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் அதனைக் கண்டெடுத்தார். அவ்வூர்க் குன்றுகளின் கருங்கல்லும் பெயர் பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் அவ்வினத்தது என்று கண்டு, ஹாலந்து என்னும் நிலவியலார் அதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பில் இருப்பர். எந்தக் கல் எவ்வாறு பிளக்கும் என்பதை அவர்கள் வீட்டு முதியவர் அறிவர். அம்முதியவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வந்தால் படத்தாள் செலவு மிச்சமாகும், பாடமும் நடக்கும்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில், மாநகரின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அடுக்கு வீடுகளில் வாழ்கின்றனர். பெயர்க்கப்பட்ட நாற்று வேர்கொள்ளச் சில நாள் வாடும் என்பதை உழவன் அறிவான். படிப்பாண்டின் நடுவே இடம்பெயர்ந்த பிள்ளை ஏன் வாடுகிறது என்பதை அங்குச் செல்லும் பயிற்சி மாணவர் அறிதல் வேண்டும்.

இனி, இக்கருத்துக்கு எதிராக ஒன்று கூறப்படலாம். அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. பழகும் கையை ஏழைப் பிள்ளையின்மேல் பழகுவதா? நகரத்துப் பிள்ளைக்குத் தேர்ந்த ஆசிரியர், இருளர் பிள்ளைக்குத் தேராத மாணவரா? வினா நியாயமானதே. வடகோடியிலும் இக்குறை உண்டு. தெற்கிலிருந்து வரும் ஆசிரியர் பலர் ஓரிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுகின்றனர். பெயரைப் பழகுமுன்னரே பிரியும் ஆசிரியரைக் கண்டு பிள்ளைகள் மனம் ஒட்டாமல் இருக்கப் பழகிவிடுகின்றனர். பயிற்சி மாணவரோ பதினாறு வாரத்தில் பிரிபவர். ஆகவே, அவர் செல்வது பள்ளியில் உள்ள ஆசிரியருக்குப் பதிலாக அன்று, அவருக்குத் துணையாக. நான்கு வாரம் ஒரு பள்ளி, நான்கு வாரம் வேறொரு பள்ளி என்று தாவுதலும் கூடாது. பதினாறு வாரமும் ஓரிடத்தில் தங்க வேண்டும். இயலுமாயின் அவ்வூரிலேயே குடியிருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தாம்பரம் பேருந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு, அவ்வூரின் இரவு தெரியாது. விளக்கில்லாத வீட்டில் வீட்டுப்பாடம் எழுத இயலாது என்பதை இரவைக் காணாதவர் எவ்வாறு அறிவார்?

இதற்கும் மேலான ஒரு விடையை வடகோடி மக்களே கண்டனர். கிரீன்லாந்தில் அந்நாட்டாரையே ஆசிரியராக்கும் கல்லூரி 1845-இல் நூக் நகரில் நிறுவப்பட்டது. சென்னையின் பயிற்சிப் பள்ளிக்குப் பதினோராண்டு மூத்தது. கனடாவின் கீழை வடபகுதியிலும் 1979 முதல் இனுவிட் மக்களையே ஆசிரியராகப் பயிற்றி வருகின்றனர். புருவத்தின் மொழியை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருப்போரூர்ப் பகுதி இருளர் பிள்ளை ஒன்று சைதாப்பேட்டைக் கல்லூரியில் பயின்று தன் ஊருக்கே ஆசிரியராகத் திரும்பும் நாள்வரை, வெளியூர் மாணவர் செல்வது இடைக்கால ஏற்பாடே. அந்நாளை விரைந்து வரச் செய்வது அவர் கடமையின் ஒரு பகுதி. பத்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் மேற்படிப்பு தடைப்படுவது இருளரிடையே நெடுங்காலம் நிலவி வரும் துன்பம். அப்பிள்ளையோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை நடந்து செல்வதும், நாற்பது பாடக்குறிப்போடு ஒன்றாக எண்ணத்தக்க பயிற்சியே.

மதிப்பெண் இடும் முறையிலும் சிறிது மாற்றம் வேண்டும். இன்று மேற்பார்வைப் பேராசிரியர் வகுப்பின் பின்வரிசையில் ஒருமணி நேரம் அமர்ந்து, குரல் எவ்வாறு இருந்தது, கரும்பலகை எழுத்து நேராக இருந்ததா என்று குறித்துச் செல்கிறார். அவையும் வேண்டுவனவே, கோணல் எழுத்தை எவரும் புகழார். அதனோடு, பயிற்சியின் கடைசி நாளில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரையும் சத்துணவுக் கூடத்து மூதாட்டியையும் அழைத்து அமரச்செய்து, இரண்டு வினாக்கள் கேட்கலாம். இந்த டீச்சருக்கு உங்கள் பிள்ளைகளின் பெயர் தெரியுமா என்பது முதல் வினா. மாசி மகத்துக்குக் கடற்கரை சென்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் மறுவாரமே பள்ளிக்குத் திரும்பி வந்தனர் என்பது மற்றொன்று.